ஊசிக்குப் பயந்து அலகு நேர்ந்தவன்

நான் சாக்கு வியாபாரி. தூத்துக்குடியில் உப்பு அள்ளுகிற எவனுக்கும் சாக்கு வேண்டும். சாக்கு வேண்டுமென்றால் செந்தூர்பாண்டி கடைக்குத்தான் வரவேண்டும். கடையில் நாலு பேர் கோணி ஊசியோடு உட்கார்ந்து கிழிசல் தைப்பார்கள். ஆள் வராத நாளில் நானே உட்கார்ந்து தைப்பேன். ஒரு சாண் நீளத்துக்கு, நுனி வளைந்த ஊசி. எத்தனையோ தடவை விரலில் ஏறியிருக்கிறது. உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த சாக்கை இழுப்பேன். மீசையும் எனக்குக் கொஞ்சம் பெரிசு. இதையெல்லாம் முதலிலேயே ஏன் சொல்லி வைக்கிறேன் என்றால், இனி சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவன் பிறவிக் கோழை என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. டாக்டர் வீட்டு ஊசியைக் கண்டால் மட்டும்தான் நான் கோழை.

காரணம் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்துகிறவர் வந்த அன்று சுவரேறிக் குதித்து ஓடி, பொழுது சாய்கிற வரைக்கும் உப்பளத்தில் ஒரு உப்புக் குவியலுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தவன் நான். என் வகுப்பில் மற்ற எல்லோருக்கும் கையில் தழும்பு இருக்கிறது. எனக்கு முழங்காலில் இருக்கிறது, சுவரில் இருந்து விழுந்தது. வளர்ந்த பிறகும் காய்ச்சல் என்றால் கஷாயம், கட்டி என்றால் அரைத்துப் போடுகிற பத்து. டாக்டர் வீட்டு வாசலை மிதிக்காமலே முப்பத்திரண்டு வயதைத் தாண்டியிருந்தேன்.

அப்படிப்பட்டவன் காலில்தான் கொக்கி இறங்கியது. புதுத்துறைமுகம் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம், ஆனி மாதம். லாரியில் இருந்து சாக்குக் கட்டு இறக்கும்போது சுமை தூக்குகிறவரின் கொக்கி நழுவி என் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. துருப்பிடித்த கொக்கி. நானே பிடுங்கி எறிந்தேன். மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டு, நாலு பேர் பார்க்க நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனேன். வீட்டில் என் மனைவி சண்முகவடிவு கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். அவள் என் அத்தை மகள், உடன்குடிக்காரி. அப்போது ஆறு மாத வயிறு, தலைப் பிள்ளை.

“துருக்கொக்கி ஏறியிருக்கு. மஞ்சளை அப்பிட்டு வந்து நிக்கிய! நாளைக்கு டாக்டரு எனக்கு ஊசி போட வரச் சொல்லியிருக்காரு. ரெண்டு பேருமாப் போவோம்.”

“எனக்கு என்னத்துக்குளா? காயம் ஆறிட்டு.”

“அது ஆறட்டும் அத்தான். நீங்க வாங்க.”

டாக்டர் ஜெபசிங் நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். காலைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார். வாய் பூட்டிக்கொள்கிற ஜன்னி வராமல் இருக்க இரண்டு பேருக்கும் ஊசி என்றார். எனக்குக் கொக்கிக்காக. அவளுக்குப் பிள்ளைக்காக, தாய்க்குப் போட்டால் பிறக்கிற பிள்ளைக்கு ஜன்னி வராதாம், ஒரு மாதம் விட்டு இரண்டாவதும் போட வேண்டுமாம். வடிவு தலையை ஆட்டினாள். பக்கத்து அறையில் கம்பவுண்டர் வெள்ளத்துரை ஸ்பிரிட் அடுப்பில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். தட்டில் இரண்டு மருந்துக் குப்பி, என் சுண்டுவிரல் அளவுக்கு.

“அண்ணாச்சி மொதல்ல வாங்க” என்றார். இடுக்கியால் சிரிஞ்சை எடுத்தார். ஊசியைச் சொருகினார். ஒரு குப்பியின் கழுத்தை அரத்தால் கீறினார். அந்தக் கீச்சுச் சத்தம் என் பல்லுக்குள் புகுந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. அதற்கப்புறம் நடந்தது என் புத்தியைக் கேட்டு நடந்ததில்லை.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் உங்களுக்கு இது புரியும். எங்கள் அம்மாவுக்கு ஆடு தொலைந்தாலும் அலகு, பால் திரிந்தாலும் அலகு. “செந்தூர் முருகா, உனக்கு அலகு குத்துதேன்” என்று கையெடுத்துவிடுவாள். ஆவணித் திருவிழாவில் திருச்செந்தூருக்குப் போய்க் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு வந்தது எங்கள் அப்பா. நேர்வது பெண்டாட்டி, குத்திக்கொள்வது புருஷன். இந்த ஏற்பாட்டில் எங்கள் அம்மா ஒரு குறையும் கண்டதில்லை. தாய்ப்பாலோடு குடித்த வார்த்தை எங்கே போகும்? வெள்ளத்துரை ஊசியை மேலே தூக்கி ஒரு சொட்டுப் பீய்ச்சினார். நான் வாயைத் திறந்தேன்.

“செந்தூர் முருகா! இந்த ஊசியில இருந்து என்னையக் காப்பாத்து! உனக்கு அலகு குத்துதேன்!”

துறைமுகத்தில் லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகின தொண்டை. வெள்ளத்துரை பதறிப்போய்த் திரும்பினார், முழங்கை தட்டில் இடித்தது. தட்டு தரையில், குப்பி இரண்டும் தூள், சிரிஞ்சும் தூள். வெளியே பெஞ்சில் இருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து வாசலில் நின்று பார்த்தார்கள். நான் சட்டைக் கையை மடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

ஜெபசிங் வந்து தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருந்த மருந்து அவ்வளவுதான், மதுரையில் இருந்து வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை காத்திராமல் இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் தெருவில் இறங்கிய வேகத்தில் கால் வலி கூடத் தெரியவில்லை. ரிக்ஷாக்காரர் எங்கே என்று கேட்டார். வடிவு சொன்னாள், “வீட்டுக்கு.”

வழியெல்லாம் அவள் முகம் விளக்கு வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் முருகன் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு எடுத்து எனக்கும் பூசினாள். “கூப்பிட்ட கொரலுக்கு வந்துட்டான் பாத்தியளா அத்தான்” என்றாள். கண் கலங்கியிருந்தது. நானும் கும்பிட்டேன். ஊசி போன சந்தோஷத்தில் எதை வேண்டுமானாலும் கும்பிடுகிற நிலையில் இருந்தேன்.

சாப்பிட்டு வெற்றிலை போட்டபோதுதான் வியாபாரிப் புத்தி விழித்தது. போனது எவ்வளவு? விரல் நீள ஊசி. வரப்போவது எவ்வளவு? இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வருகிற வேல். மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று எழுதி வைத்தவன் என்னைப் போல ஒருவனைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நுணல் கூட இவ்வளவு மோசமாகப் பேரம் பேசியிருக்காது.

வெள்ளத்துரை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவருக்கும் வேறு வழியில்லை. மருந்தை உடைத்தது தானில்லை, முருகன் என்றால்தானே அவர் வேலை தப்பும். உப்பு வியாபாரிகள் கடைக்கு வந்து சாக்கை எண்ணுவதற்கு முன்னால் என் கன்னத்தைப் பார்த்தார்கள். “என்ன அண்ணாச்சி, ஆவணிக்கு ரெடியா? சின்ன வேலா, பெரிய வேலா?” என்றார் ஒருவர். சாக்குக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தவன் குனிந்து சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனுடைய தையலைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னேன்.

நான் சும்மா இருக்கவில்லை. வடிவு முழுகாமல் இருப்பதால் ஊர் வழக்கப்படி நான் மாதக்கணக்கில் முடி வெட்டாமல் கரடி மாதிரி அலைந்துகொண்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன்.

“பிள்ளைத்தாச்சி புருஷன் மயிரு வெட்டக் கூடாதுங்கிய. கன்னத்துல வேலு குத்தலாமா? நீயே சொல்லு.”

“வெட்டத்தான் கூடாது” என்றாள். “குத்தக் கூடாதுன்னு யாரு சொன்னா?”

உடன்குடிக்காரியிடம் வாய் கொடுத்தால் இதுதான். சரி, ஆவணிக்கு நாள் இருக்கிறது, அதற்குள் காய்ச்சலாவது வராதா என்று ஒத்திப் போட்டேன். என் கால் புண் ஆறிவிட்டது. அது என் அதிர்ஷ்டம். ஆனால் வடிவோ, அதையும் முருகன் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

ஆடி மாதம் வெள்ளத்துரை கடைக்கு வந்து, மருந்து வந்துவிட்டது, வீட்டம்மாவை அனுப்பி வையுங்கள் என்றார். “நீங்களும்...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீட்டில் போய்ச் சொன்னேன். வடிவு முறத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“நம்ம வீட்டுக்கு ஊசி ஆகாதுன்னு சாமி சொல்லிட்டான். உங்களுக்கு மட்டுமா சொன்னான்? ரெண்டு குப்பியும்லா ஒடஞ்சுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“ஏளா, ஒடச்சது முருகன் இல்ல. நான் போட்ட சத்தத்துல அந்த மனுசன் பதறிட்டாரு. அவ்வளவுதான்.”

“அந்தச் சத்தத்த உங்க வாயில வச்சது யாரு?”

டாக்டரே வந்து சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினாள், போகவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஊசிக்கும் நடுவே ஒரு மாதம் வேண்டும். இப்போது விட்டால் பிறகு போட்டும் பிரயோஜனம் இருக்காது என்று ஜெபசிங் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அந்த வாரம் என் அக்கா இசக்கித்தாய் ஆத்தூரில் இருந்து வெற்றிலைக் கட்டோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வெற்றிலையை உள்ளே வைத்துவிட்டு, என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு முதல் பிள்ளை ஆண் பிள்ளை. பிறந்த ஏழாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

“ஏலே, எம்பிள்ள வாயத் தொறக்க முடியாமக் கெடந்தத நீ பாத்தேல்லா?”

“பாத்தேன்க்கா.”

“பாலப் பீச்சி ஒதட்டுல விட்டேன். கடவாய் வழியா வழிஞ்சு போச்சு. இத அவகிட்ட நான் எப்பிடிச் சொல்லுவேன்? வயித்துப் பிள்ளக்காரிகிட்ட பேசுத பேச்சா இது? நீதான் ஏதாவது செய்யணும்.”

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எனக்குப் பயம் வந்தது. ஊசியை நினைத்து இல்லை. என் வாய் அன்றைக்கு என்ன செய்து வைத்திருக்கிறது என்பதை நினைத்து. ஒரு பயந்தாங்கொள்ளி போட்ட கூப்பாடு சாமி வாக்காகிவிட்டது. அதைத் திருப்பி வாங்க அந்தப் பயந்தாங்கொள்ளியால்தான் முடியும்.

சாயங்காலம் வடிவிடம் போய் உட்கார்ந்தேன். “பூக்கட்டிப் பாக்குத மாதிரி ஒண்ணு செய்வோம்” என்றேன். “நான் போயி ஊசி போட்டுக்கிடுதேன். சாமிக்கு இஷ்டமில்லன்னா மறுபடியும் மருந்தை ஒடைக்கட்டும். ஒடையலன்னா அவனுக்குச் சம்மதம். அப்ப நீயும் போட்டுக்கிடணும்.”

“நீங்களா?” என்றாள்.

“நான்தான்.”

“கூப்பாடு போட்டியன்னா?”

“போட்டா, சாமி வேண்டாங்கான்னு வச்சுக்கோ.”

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்காகத்தான் இந்த முடிவுக்கு வந்தேன், சத்தியம். ஆனால் வாசலைத் தாண்டுவதற்குள் இன்னொன்றும் தோன்றிவிட்டது: ஊசியில் இருந்து காப்பாற்றினால்தானே அலகு? ஊசியே போட்டுக்கொண்டுவிட்டால் நேர்ச்சை ஏது? ஒரே குத்தில் பிள்ளையும் கன்னமும் தப்பும். என்னைப் பெரிய தியாகி என்று யாரும் நினைத்துவிடாமல் இருக்கத்தான் இதைச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் தன் பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜெபசிங் உள்ளே ஒரு நோயாளியோடு இருந்தார். நான் நேராகக் கம்பவுண்டர் அறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். வடிவு எதிரே சுவரோரம் நின்றாள். குறி கேட்க வந்தவர்கள் சாமியாடி வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றைத் தவிர. வெள்ளத்துரைக்கு என்னைவிடப் பயம். அவர் ஊரெல்லாம் சொன்ன கதையை அவரே நம்பிவிட்டிருந்தார்.

“அண்ணாச்சி, எனக்கும் பிள்ள குட்டி இருக்கு. சாமி குத்தம் ஆயிரப் போவுது” என்றார். குப்பியை எடுத்த கை வெடவெடவென்று ஆடியது. கழுத்தைக் கீறும்போது அரம் வழுக்கியது. எனக்கு உயிர் போய் வந்தது. அது கீழே விழுந்தால் போயிற்று. அதற்குப் பிறகு ஆயிரம் ஜெபசிங் வந்தாலும் வடிவு கையை நீட்டமாட்டாள். ஆத்தூரில் பார்த்த அக்கா பிள்ளையின் அந்தச் சின்ன வாய் கண்முன்னால் வந்தது. முருகா என்று கத்தத் தோன்றியது. கத்தினால் எல்லாம் முடிந்தது. துண்டை இன்னும் இறுக்கிக் கடித்தேன்.

மருந்தை ஒரு வழியாக ஏற்றிவிட்டார். ஆனால் ஊசி என் புஜத்துக்குப் பக்கத்தில் வந்து காற்றில் கோலம் போட்டது, இறங்கவில்லை. நான் துண்டைத் துப்பினேன். வடிவு மூச்சை உள்ளே இழுத்தாள்.

“வெள்ளத்தொர” என்றேன், பிள்ளையைத் தூங்க வைக்கிற குரலில். “பதறாதீரும். ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேம்லா.”

சொன்னது நான்தான். இன்றைக்கும் எனக்கே நம்பிக்கையில்லை. சொன்னதோடு நிற்காமல் என் வலக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். சாக்குத் தைக்கிற கை, அதற்கு நடுங்கத் தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, மூடினால் எங்கே குத்துவது? இரண்டு பேருமாக ஊசியை என் இடது புஜத்தில் இறக்கினோம். அவர் அமுக்கினார்.

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். கோணி ஊசி விரலில் ஏறினால் எவ்வளவு வலிக்குமோ அதில் கால்வாசி. இந்தக் கால்வாசிக்காக நான் ஒரு உப்புக் குவியலையும், ஒரு முழங்காலையும், முப்பத்திரண்டு வருஷத்தையும் செலவு செய்திருக்கிறேன். ஸ்டூலில் இருந்து எழுந்தேன். அறை ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி உட்கார்ந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

“ஒடையல” என்றேன் வடிவிடம்.

அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெள்ளத்துரை புதுத் தெம்போடு அடுத்த குப்பியைக் கீறினார். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதும் வடிவு என் வேட்டியைப் பிடித்தாள். பார்த்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது, மேலுதட்டில் வேர்வை.

“என்னளா?”

“அத்தான், கையப் பிடிச்சுக்கிடுங்க. எனக்குச் சின்னதுல இருந்தே ஊசின்னா ஈரக்கொல நடுங்கும்.”

“நீ சொல்லவே இல்லியே!”

“வீட்டுக்கு ஒரு பயந்தாங்கொள்ளி போதும்னுதான் சொல்லல.” குரல் இறங்கிவிட்டது. “அன்னைக்கு நீங்க வாய்விட்டு நேந்திய. நான் மனசுக்குள்ள நேந்துக்கிட்டேன். ஒங்களுக்கு மட்டுமா கேட்டான்? எனக்கும்லா கேட்டான்னு நெனச்சேன்.”

“நீ என்ன நேந்த?”

“ஒங்களுக்கு அலகு குத்தி விடுதேன்னு.”

எங்கள் அம்மா செத்து அப்போதே பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனால் எங்கேயும் போய்விடவில்லை என்று அப்போது தெரிந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளும் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துத் தனியாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது, கோழிக்குஞ்சு மாதிரி துடித்தது. இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

“இதப் போட்டுட்டா ரெண்டு நேர்ச்சையும் இல்லன்னு ஆயிரும்லா?” என்றாள் கண்ணை மூடியபடி.

“ஆயிரும்.”

“அப்ப போடச் சொல்லுங்க.”

அவள் சத்தம் போடவில்லை. என் கையில் அவள் நகம் பதிந்த இடம் மட்டும் சாயங்காலம் வரை சிவந்திருந்தது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கும் அதே மாதிரி நின்றோம். அந்த ஆவணிக்குத் திருச்செந்தூர் போய்த் தேங்காய், பழத்தோடு மரியாதையாகத் திரும்பி வந்தேன். உப்பு வியாபாரிகளுக்குத்தான் ஏமாற்றம்.

ஐப்பசியில் உடன்குடியில் அவள் அம்மா வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது வெளியே மழை. பிள்ளை விடியற்காலையில் பால் குடித்ததோடு சரி, அப்புறம் வாயை வைக்கவில்லையாம். உதட்டை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தது. வடிவு மறுபடி எடுத்து மார்பில் வைத்துப் பார்த்தாள். குடிக்கவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“செந்தூர் முருகா! பிள்ள மட்டும் பாலக் குடிச்சிட்டா, உனக்கு...”

வடிவு பச்சை உடம்போடு எட்டி என் வாயைப் பொத்தினாள்.

“ஊசி போட்டாச்சுல்லா, பேசாம இருங்க!”

ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் என் வாயுமாக அவள் இருந்தாள். பொத்தின கை நடுங்கியது, ஆனால் எடுக்கவில்லை. நானும் அவள் உள்ளங்கைக்குள் மூச்சை விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்கா மெல்ல விரலை நீட்டிப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள்.

பிள்ளை தூக்கம் கலைந்து முகத்தைச் சுளித்தது. பிறகு வாயை அகலத் திறந்து ஒரு கூப்பாடு போட்டது பாருங்கள், மழையையும் மீறித் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. அக்கா அப்போதுதான் அழுதாள்.